நாலாம் தொட்டி

செவ்வாய்க்கிழமை காலை அவள் தட்டில் ஒரு முழு முட்டை இருந்தது.

அவள் அதைத் தொடவில்லை. பெரியப்பாவின் தட்டை ஓரக்கண்ணால் பார்த்தாள். அங்கே வழக்கம் போல இரண்டு. பெரியம்மாவின் தட்டில் ஒன்றுமில்லை. ஆக, பெரியம்மா தன் பங்கை எடுத்து இவளுக்கு வைத்திருக்கிறாள். வேக வைக்கும்போது ஓடு உடைந்து பாதி தண்ணீரோடு போன முட்டைதான் இதுவரை இவள் தட்டுக்கு வந்திருக்கிறது. அதுவும் என்றைக்காவது.

“சாப்பிடு கண்ணு, ஆறிடும்” என்றாள் பெரியம்மா.

கண்ணு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். இந்த வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். கோபம் வந்தால் திருட்டுப் பூனை, வேலை அதிகமானால் சோம்பேறிப் பூனை. கண்ணு என்று பெரியம்மா கூப்பிடுவது தன் மகளை மட்டும்தான், அந்த மகளும் கல்யாணமாகிப் போய் இரண்டு வருஷமாகிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஊரில் சொல்வார்கள். பூனையோ பல்லைத்தான் முதலில் பார்ப்பாள். முட்டையைத் தின்றாள், ஆனால் ஒவ்வொரு கடிக்கும் பெரியம்மாவின் கையையும் பெரியப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

ஏழு வயதில் அவள் அந்த வீட்டுக்கு வந்தாள். அம்மா செத்துப் பதினாறாம் நாள், ஒரு தகரப் பெட்டியோடு பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பா என்பவர் அதற்கும் முன்னாலேயே எங்கோ வேலை தேடிப் போய், தேடிக்கொண்டே இருந்துவிட்டார். வந்த புதிதில் அவளும் மற்றப் பிள்ளைகளைப் போலத் திமுதிமுவென்று ஓடினாள், கதவை அறைந்து சாத்தினாள், பசித்தால் பசிக்கிறது என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி. சில அடிக்குக் காரணமே இருக்காது. பெரியப்பாவுக்கு, சலவைக்குத் துணி தரும் ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது புகார் வந்திருக்கும். ஒரு வருஷத்துக்குள் அவள் சத்தமில்லாமல் நடக்கப் பழகினாள். கதவைத் தூக்கிச் சாத்தினால் கீல் கிறீச்சிடாது என்று கண்டுபிடித்தாள். மாடிப்படியில் செருப்பு விழும் விதத்தை வைத்தே பெரியப்பா என்ன மனநிலையில் இறங்குகிறார் என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் பூனை என்ற பெயர் வந்தது. பெயர் வைத்தவர்களுக்கு அவள் ஏன் பூனையானாள் என்று யோசிக்க நேரமில்லை.

வீட்டுக்குப் பின்னாலேயே சலவைக்கூடம். ஒரே கூரைக்குக் கீழே ஐந்து சிமெண்டுத் தொட்டிகள், ஒரு பிழியும் இயந்திரம், நீளமான மடிப்பு மேசை, மூலையில் நீராவி பாய்லர். ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும் இரண்டு லாட்ஜுகளின் தலையணை உறைகளும் அங்கேதான் வெளுக்கும். தொட்டிக்கு ஒரு பெண் என்று ஐந்து பேர். ஆறாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பிறகு பூனை எல்லாத் தொட்டிக்கும் பொது ஆள். அழுக்குத் துணியைப் பிரிப்பாள். ரத்தம் பட்டதைத் தனியே குளிர்ந்த நீரில் ஊறப்போடுவாள். சுடுநீரில் போட்டால் கறை நிலைத்துவிடும். ஈர விரிப்பு ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவார்கள், அவள் தனியாகத் தூக்குவாள். காலையில் முதல் வேலை பாய்லரின் சாம்பலை அள்ளிக் கொட்டுவது. சோடா உப்பு தின்று அவள் விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. படுக்கை, சோப்பு மூட்டை அடுக்கும் அறையில்.

அந்த வருஷம் மழை பிடித்தது விடவில்லை. நாலு வாரமாகக் கொடியில் போட்ட எதுவும் காயவில்லை. விரிப்பெல்லாம் பாசி வாடை அடித்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். இனி உலர்த்தும் அறையை நம்பினால்தான் உண்டு என்று ஆயிற்று. அந்த அறைச் சுவர் முழுக்க ஆவிக் குழாய்கள். குழாய்கள் நன்றாகச் சுட வேண்டுமானால் பாய்லர் கூடுதலாக எரிய வேண்டும். ஆனால் பாய்லர் தலையில் ஒரு வால்வு இருந்தது. ஆவி அளவுக்கு மீறினால் அது தானே திறந்து உஸ்ஸென்று வெளியே விட்டுவிடும். ஒரு மணி நேரம் விறகு போட்டுச் சேர்த்த ஆவி இரண்டு நிமிஷத்தில் கூரை வழியாகப் போய்விடும். பெரியப்பா இரண்டு நாள் அதைப் பார்த்து வயிறெரிந்தார். மூன்றாம் நாள் ஏணி வைத்து ஏறி, கட்டுக்கம்பியால் அந்த வால்வை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார். வேலை செய்தவர்கள் யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உலர்த்தும் அறை வாசலில் தொங்கிய விரிப்புகளுக்குப் பின்னால் நின்ற பூனை பார்த்தாள். பார்ப்பது அவளுக்குத் தொழில் மாதிரி.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாலாம் தொட்டிக்குப் போகும் குழாய் மூட்டில் பிய்த்துக்கொண்டது. அந்தத் தொட்டியில் நின்றவள் நாற்பது வயதுக்காரி, கை வேகமும் வாய் வேகமும் உள்ளவள். எல்லோரும் அவளை நாலாம் தொட்டிக்காரி என்றே சொல்வார்கள். வலப்பக்கக் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. அவள் கத்தவில்லை, ஏதோ மறந்துபோனதை நினைத்துப் பார்ப்பவள் போல வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பெண்கள்தான் கத்தினார்கள்.

பெரியப்பா ஓடிவந்தார். ஓடியது அவளிடம் அல்ல. கூடம் முழுக்க வெள்ளை ஆவி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அந்த ஆவிக்குள் அவர் ஏணியில் ஏறிக் குறடால் கம்பியை வெட்டியதும், வெட்டிய கம்பியைப் பாய்லரின் சாம்பல் தட்டுக்குள் திணித்ததும், அதற்குப் பிறகு “தண்ணி கொண்டாங்க, தண்ணி” என்று சத்தம் போட்டதும், பாய்லருக்குப் பக்கத்திலேயே விரிப்புக்குப் பின்னால் நின்றவளுக்கு மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை சாம்பல் அள்ளும்போது அந்தக் கம்பி கையில் பட்டது. முறுக்கின முடிச்சு அவிழாமல், வெட்டுப்பட்ட முனை பளபளவென்று இருந்தது. அவள் அதைக் கொட்டவில்லை. துடைத்துத் தன் அறையில் சோடா மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே செருகி வைத்தாள். நியாயம், தர்மம் என்றெல்லாம் அவள் அப்போது நினைக்கவில்லை. பெரியவர்கள் ஒளித்து வைக்கிற பொருள் எதுவானாலும் அதற்கு ஒரு விலை உண்டு என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

இப்போது முட்டை வந்ததும், விலை பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று புரிந்தது. கம்பி அவளிடம் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்பதுதான் புரியவில்லை.

பாய்லரை யாரும் பற்றவைக்கக் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் நேரில் வருகிறார் என்றார்கள். அதுவரை அண்டாவில் வெந்நீர் போட்டுக் கையால்தான் துவைக்க வேண்டும். நாலு பெண்களும் இடுப்பொடிய அடித்துத் துவைத்தார்கள். பூனையை மட்டும் பெரியம்மா தொட்டிப் பக்கம் விடவில்லை. உட்கார்ந்து தலையணை உறைக்குப் பட்டன் தைத்தால் போதும் என்றாள். அண்டா அடுப்புச் சாம்பலைக்கூட வேறு ஒருத்தி அள்ளினாள். மற்றப் பெண்கள் அவளைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. நேற்று வரை அவளிடம் வெற்றுப் பேச்சாவது பேசியவர்கள் இன்று அவள் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்கு அவர்கள் மேலும் சந்தேகம் வந்தது: பேசாமல் இருக்க இவர்களுக்கு என்ன கிடைத்தது?

புதன்கிழமை மத்தியானம் பெரியம்மா அவளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள். சீப்பு சிக்கில் மாட்டியபோது வெடுக்கென்று இழுக்காமல் நுனியிலிருந்து பிரித்து எடுத்தாள். பூனையின் தோள் இரண்டும் காதுக்கு ஏறி நின்றன, இறங்கவே இல்லை. பெரியப்பா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையில் குச்சியோ பெல்ட்டோ இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“சனிக்கிழமை நீ எங்க நின்னுட்டிருந்தே?”

“உலர்த்தற ரூம்ல, பெரியப்பா.”

“இல்ல. மடிக்கிற மேசைகிட்ட நின்னே. அங்கேருந்து நாலாம் தொட்டி நேராத் தெரியும்.”

“சரி.”

“அவ ஆவிக் குழாயோட திருகை எதிர்ப்பக்கமாத் திருப்பினா. நான் எத்தனையோ தடவை சொல்லியும் கேக்காம திருப்பினா. அதை நீ பாத்தே. எங்க, சொல்லு.”

அவள் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னதும் அவர் முகத்தைச் சுளித்தார். பள்ளிக்கூடத்துப் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறாளே என்று பெரியம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டு, நடுவில் கொஞ்சம் தடுமாறிச் சொல்லும்படி சொல்லிக்கொடுத்தார். எந்த இடத்தில் தடுமாற வேண்டும் என்பதையும் காட்டினார்.

“ஏன் எல்லாரையும் விட்டுட்டு நான் சொல்லணும்?” என்று அவள் கேட்டாள். கேட்ட பிறகுதான் வாய் தவறிவிட்டது தெரிந்தது.

அடி விழவில்லை. பெரியம்மா பின்னலின் நுனியில் ரிப்பனைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னாள். “சம்பளம் வாங்கறவங்க சொன்னா முதலாளிக்குப் பயந்து சொல்றாங்கன்னு நினைப்பாங்க. நீ நம்ம வீட்டுப் பொண்ணு. சின்னப் பொண்ணு பொய் சொல்லாதுன்னு எல்லாரும் நம்புவாங்க.”

நம்ம வீட்டுப் பொண்ணு. ஏழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷம் அவளை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்றார் பெரியப்பா, எழுந்துபோகும்போது. அடுத்த வருஷம் என்ற பேச்சு அவளுக்குப் பழக்கமானதுதான். பள்ளியை நிறுத்தின அன்றும் அதைத்தான் சொன்னார்கள். அந்த அடுத்த வருஷம் மூன்று தடவை வந்து போயாயிற்று.

வியாழக்கிழமை துணி வண்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேறு ஆள் இல்லை. ஒருத்திக்குக் காய்ச்சல், மற்றவர்களுக்குத் தொட்டியை விட்டு அசைய முடியாது. பெரியம்மா வேண்டா வெறுப்பாக அவளை அனுப்பினாள். கீழே துணி அறையில் ஒப்படைத்துவிட்டு நேராக வந்துவிட வேண்டும், மாடிக்கு ஏறக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். மாடிக்கு ஏறக் கூடாது என்றால் நாலாம் தொட்டிக்காரி மாடியில்தான் இருக்கிறாள் என்று அர்த்தம். பூனை துணியை ஒப்படைத்தாள். நாலு விரிப்பை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறினாள். வெள்ளைத் துணி சுமப்பவளை ஆஸ்பத்திரியில் யாரும் எங்கே என்று கேட்பதில்லை.

நாலாம் தொட்டிக்காரி சன்னலோரக் கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். கழுத்திலிருந்து விரல் வரை கட்டு. மஞ்சளாக ஏதோ ஊறி, கட்டு நனைந்திருந்தது. ஓடியாடி வேலை செய்த உடம்பு இவ்வளவு சின்னதா என்று பூனைக்குத் தோன்றியது. இரக்கம் வரும்போல இருந்தது. உடனே அதையும் சந்தேகப்பட்டாள். இதே கைதான் போன வருஷம் எல்லோர் முன்னாலும் அவள் காதைத் திருகியது. தன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து ரொட்டியைக் காணோம் என்று திருகினவள், தோடு போட்ட இடம் கிழிந்து ரத்தம் வந்த பிறகுதான் விட்டாள்.

“வா கண்ணு” என்றாள் நாலாம் தொட்டிக்காரி.

இவளும் கண்ணு. பூனை கட்டிலுக்கு எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டாள்.

அந்தப் பெண் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். பெரியப்பா இரண்டு முறை ஆள் அனுப்பினாராம். தப்பு தன்னுடையதுதான் என்று கைநாட்டு வைத்தால் மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். கை இனிமேல் முழுசாக நீளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நடக்க முடியாத புருஷன். தான் திருகைத் தொடவே இல்லை, அது யாருக்கும் தெரியாமல் இருக்காது என்று சொல்லிவிட்டு அவள் பூனையின் கண்ணையே பார்த்தாள்.

“நீ எப்பவும் எங்கேயாவது நின்னு பாத்துட்டேதான் இருப்பே. எனக்குத் தெரியும். நீ பாத்ததைச் சொன்னாப் போதும்.”

“நீங்க என் காதைத் திருகினீங்க” என்றாள் பூனை.

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். இப்போது மன்னிப்புக் கேட்பாள், அழுவாள், அப்புறம் தன்னிடம் ஏதாவது கேட்பாள் என்று பூனை எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள்.

“திருகினேன்” என்றாள் அவள். “இப்பவும் ரொட்டியை நீதான் எடுத்தேன்னுதான் நினைக்கிறேன்.”

“எடுத்தேன்.”

“எதுக்கு எடுத்தே?”

“பசிச்சுது.”

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா வலியா என்று தெரியவில்லை. “கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். “குடுத்திருக்க மாட்டேன். அப்ப எனக்கும் உன்னைப் பாத்தா எரிச்சல்தான். முதலாளி வீட்டுப் பொண்ணுன்னு.” பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணு என்று மறுபடி சொல்லவில்லை.

கீழே இறங்கி வரும்போது பூனைக்கு இரண்டு பக்கமும் கோபமாக இருந்தது. ஒருத்தர் முட்டை கொடுத்துக் கேட்கிறார், இன்னொருத்தி கட்டைக் காட்டிக் கேட்கிறாள். அவள் முதலில் போட்டிருந்த யோசனை வேறு. கம்பியைப் பெரியம்மாவிடம் காட்டி, பள்ளிக்கூடம் இந்த வாரமே, படுக்கை உள் அறையில், இனி யாரும் கை நீட்டக் கூடாது என்று பேரம் பேசலாம் என்று நினைத்திருந்தாள். பேசியும் இருப்பாள். ஆனால் மூன்று தடவை அந்தப் பொய்யை ஒப்பித்த பிறகு அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் அவள் உடுப்பது அக்காவின் பழையது, தூங்குவது சோப்பு மூட்டைக்கு நடுவில், பெயர்கூட அவர்கள் வைத்தது. தன் கண்ணால் பார்த்தது ஒன்றுதான் அவளுடையது. அதையும் இப்போது வேறு இடத்திலிருந்து வேறு மாதிரி பார்த்ததாக மாற்றிக் கொடு என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மழைக்கு நடுவில் ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மாள், ஜலதோஷம் பிடித்த மூக்கு, சேறு அப்பிய செருப்பு. பாய்லரைச் சுற்றி வந்தார், வால்வை இழுத்து விட்டுப் பார்த்தார், பிய்ந்த மூட்டைப் படம் எடுத்தார். பெரியப்பா கூடவே நடந்து, சொன்னால் கேட்காத வேலைக்காரிகளைப் பற்றி வருத்தத்தோடு சொல்லிக்கொண்டு வந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா, அஜாக்கிரதையாக இருந்தால் ஆபத்து வராமல் போகுமா என்று ஒரு பழமொழியும் சொன்னார். மடிப்பு மேசைக்கு இந்தப் பக்கம் ஆய்வாளரும் அந்தப் பக்கம் பூனையும் உட்கார்ந்தார்கள். சின்னப் பெண் பயந்துவிடுவாள், நான் கூட இருக்கிறேனே என்றாள் பெரியம்மா. வேண்டாம், முற்றத்தில் இருங்கள் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். முற்றத்தில் குடைக்குள் நின்று இரண்டு பேரும் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பயப்படாதேம்மா. என்ன நடந்ததுன்னு சொல்லு.”

இதுவும் இனிப்புக் குரல்தான். நாலு நாளாக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பூனை ஒப்பித்தாள். சொல்லிக்கொடுத்த இடத்தில் தடுமாறினாள். ஆய்வாளர் எழுதிக்கொண்டார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், பேனாவை மூடினார். நாற்காலி பின்னால் நகர்ந்தது.

“மேடம்” என்றாள் பூனை. “நான் இதை வேற மாதிரி சொன்னா?”

“வேற மாதிரின்னா?”

“வேற மாதிரி சொன்னா, இன்னிக்கு நான் எங்க தூங்கறது?”

ஆய்வாளர் திரும்ப உட்கார்ந்தார். முற்றத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மேசை மேல் இருந்த இவள் விரல்களைப் பார்த்தார்.

“தெரியலம்மா” என்றார். “பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறேன். யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல. நானும் யோசிச்சுட்டு வரல. ரெண்டு மூணு இடத்துக்கு போன் பண்ணிப் பாக்கணும். கிடைக்காமலும் போகலாம்.”

பூனை அந்த முகத்தைத் துருவிப் பார்த்தாள். எல்லாம் சரியாகிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் அதோடு எழுந்து போயிருப்பாள். தெரியாது என்று ஒரு பெரியவர் அவளிடம் சொன்னதே இல்லை. அதில் பல்லைப் பிடித்துப் பார்க்க ஒன்றும் அகப்படவில்லை.

“அப்ப போன் பண்ணிட்டு வாங்க” என்றாள். “அப்புறம் சொல்றேன்.”

ஆய்வாளர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். கோபப்படவில்லை. கூடத்தின் மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். முதல் இடத்தில் கிடைக்கவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது. இரண்டாவதிலும் இல்லை. பெரியம்மா முற்றத்தைத் தாண்டி வாசல்படி வரை வந்து, டீ போடட்டுமா என்று கேட்டாள். கேட்டது ஆய்வாளரை, கண் இருந்தது பூனை மேல். மூன்றாவது போனில் ரொம்ப நேரம் பேசினார்.

“பெண் பிள்ளைங்க விடுதி ஒண்ணு. பத்து நாளைக்கு இடம் தர்றேங்கறாங்க. பத்து நாளைக்குத்தான். அதுக்கப்புறம் ஒரு அதிகாரிகிட்ட மனு குடுத்து அலையணும். அலையறேன். ஆனா கண்டிப்பா ஆகும்னு என்னால சொல்ல முடியாது.”

பூனை எழுந்து சோப்பு அறைக்குப் போனாள். வரும்போது கையில் கம்பி இருந்தது. மேசை மேல் வைத்தாள். தான் நின்ற இடத்தையும், விரிப்புகள் தொங்கிய விதத்தையும், ஏணி, குறடு, சாம்பல் தட்டு, தண்ணி கொண்டாங்க என்ற சத்தம் எதற்குப் பிறகு வந்தது என்பதையும் வரிசையாகச் சொன்னாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஆய்வாளர் கம்பியைக் கொண்டுபோய் வால்வின் கழுத்தில் வைத்துப் பார்த்தார். துருவில் பதிந்திருந்த தடத்தில் அது அப்படியே உட்கார்ந்தது.

பெரியப்பா முற்றத்திலிருந்து ஏதோ கத்திக்கொண்டு வந்தார். ஆய்வாளரைப் பார்த்ததும் பாதியில் நின்றார். பெரியம்மா கத்தவில்லை. தகரப் பெட்டியோடு பூனை வெளியே வந்தபோது வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“சோறு போட்ட கைடி இது.”

“ஆமா பெரியம்மா” என்றாள் அவள். “சோறு, அடி, ரெண்டும் அதே கைதான்.”

பெரியம்மாவின் கை உயர்ந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்பதாலோ என்னவோ அது தன் வாயையே பொத்திக்கொண்டது. பூனை அவளைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பிறகு நடந்தது எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. சலவைக்கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். வழக்கு மாதக்கணக்கில் போனது. தொட்டிப் பெண்கள் மற்ற நால்வரும், ஏணி வைத்ததைத் தாங்களும் பார்த்ததாக, பூனை சொன்ன பிறகு சொன்னார்கள். பெரியப்பாவுக்குத் தண்டனை அவர் பயந்த அளவுக்கு இல்லை, நாலாம் தொட்டிக்காரி எதிர்பார்த்த அளவுக்கும் இல்லை. அவள் கை டாக்டர் சொன்னபடி நீளவே இல்லை. ஆனால் தப்பு அவளுடையது என்ற பேச்சு நின்றது, ஆஸ்பத்திரித் துணி அறையிலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்றும் கிடைத்தது. பூனையைப் பார்க்க அவள் வரவில்லை. வேறு ஒருத்தி மூலம் ஒரு பொட்டலம் ரொட்டி மட்டும் கொடுத்தனுப்பினாள். அதில் எள்ளலும் இருந்தது, நன்றியும் இருந்தது. பூனை பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றாள்.

விடுதியில் பத்து நாள் முப்பதாகி, ஆய்வாளர் நாலு தடவை அலைந்து, பிறகு நிரந்தரமாயிற்று. பள்ளிக்கூடத்தில் தன்னைவிட மூன்று வயது சின்னப் பெண்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் சில மாதம் யாராவது சிரித்துப் பேசினால் இவளுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஒரு பெண் தன் பென்சிலைக் கொடுத்தபோது மூன்று நாள் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்து, கேட்க வருகிறாளா என்று காத்திருந்தாள். அவள் வரவில்லை. பென்சிலை மறந்தே போயிருந்தாள்.

ஒரு வருஷத்துக்கும் மேலாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, பார்க்க ஆள் வந்திருக்கிறது என்றார்கள். வாசல் பெஞ்சில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் பை இல்லை. தலை நிறைய நரைத்திருந்தது. இவள் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு.

பெரியம்மா பொதுவாகப் பேசினாள். கூடத்தைத் திரும்பத் திறந்தாயிற்று. புது பாய்லர், சின்னது. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. இவள் பார்த்த வேலைக்கு இப்போது இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள், அப்படியும் முடிவதில்லை. அதைச் சொன்னதும் இவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது போல இருந்தது: கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாள், ஆள் போதவில்லை.

“நான் வர மாட்டேன்” என்றாள், கேட்பதற்கு முன்பே.

“வரச் சொல்லி வரல” என்றாள் பெரியம்மா. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “உங்கம்மா ஆஸ்பத்திரியில உன் கையை எடுத்து என் கையில வெச்சா. பாத்துக்கறேன்னு சொன்னேன். அன்னிக்கே மனசுக்குள்ள, ஒரு கை வேலைக்கு ஆச்சுன்னுதான் நினைச்சேன். அவ கண்ணை மூடறதுக்கு முன்னாடியே நினைச்சேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

இவள் காத்திருந்தாள். இதற்கு அடுத்து ஏதாவது வரும், ஒரு வேண்டுதல், ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. ஒன்றும் வரவில்லை. பெரியம்மா அழவும் இல்லை. தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு துருவினாலும் பின்னால் காரணம் ஒன்றும் தென்படாதது அவளுக்குத் தரையில்லாத இடத்தில் கால் வைத்தது போல இருந்தது. மன்னிக்கலாமா என்று அவள் தன்னைக் கேட்டுப் பார்த்தாள். முடியவில்லை. எழுந்து போகலாமா என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் கால் வரவில்லை.

நாலரைக்கு பஸ் வந்து நின்றது. பெரியம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்காலில் கை ஊன்றி நாலடி நடந்து, பஸ் படியில் ஒரு காலை வைத்தாள்.

“பெரியம்மா.”

அவள் திரும்பினாள்.

“இனிமே வர்றதா இருந்தா காலையில வாங்க. சாயங்காலம் எனக்குப் பாடம் இருக்கு.”

பெரியம்மா எதுவோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். பஸ் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு இவள் நிற்கவில்லை. உள்ளே மணி அடித்துவிட்டது.